கூரைக்கும் தலைக்கும் நடுவே ஒரு விரல்

என் தம்பி ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழாம் மாதத்தில் பிறந்து, "இது தேறாது" என்று நர்ஸ் கையை விரித்த பிறகும் தேறினான். தேறியதோடு நிற்காமல் வளர்ந்தான். போதும் என்று எல்லோரும் சொன்ன பிறகும் வளர்ந்தான். ஓட்டுநர் உரிமம் வாங்கினான். தேர்வு வைக்கிற காருக்குள் அவன் முழங்கால் அடங்காததால் தோற்றுத் தோற்று, கடைசியில் லாரி ஓட்டிக் காட்டி வாங்கினான். தன் நெஞ்சுயரம்கூட இல்லாத பெண்ணைக் கட்டிக்கொண்டான். "ரெண்டு பேரும் பேசிக்கணும்னா நடுவுல ஒரு ஆள் மாடிப்படியில நிக்கணும்" என்று பெண்ணின் அப்பா சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, கண் டாக்டரின் காரை, ஒரு கட்டட கான்ட்ராக்டரோடும் ஒரு அருங்காட்சியகத்தோடும் போட்டி போட்டு ஜெயித்தான்.

மற்ற வெற்றிகள் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். காரைப் பற்றி ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். கூடவே இருந்தவள் நான். அதனால் உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

எங்கள் இருவருக்கும் ஒரே கொட்டகைதான் தொழிலிடம். முன்பாதியில் அவன் வண்டிகளுக்குத் தகர வேலை செய்வான். பின்பாதியில் நான் வண்டி சீட்டுகள் தைப்பேன். ஏதாவது ஒரு வண்டியை வேறு ஏதாவது ஒரு வண்டியாக ஆக்கவேண்டுமென்றால் இந்த ஊரில் அவனிடம்தான் வருவார்கள். பால் வேனை நடமாடும் முடிதிருத்தகமாக ஆக்கியிருக்கிறான். பழைய ஆம்புலன்சை ஐஸ்கிரீம் வண்டியாக ஆக்கினான். அதில் சைரனை மட்டும் கழற்ற மறந்துவிட்டதால், முதல் நாள் குழந்தைகள் ஓடி வருவதற்குப் பதில் ஓடிப் போனார்கள். அவன் கைக்கு வந்த எந்த வண்டியும் வந்த உருவத்தில் திரும்பிப் போனதில்லை.

டாக்டரின் கார் இரண்டே பேர் உட்காரக்கூடிய சின்னக் கார். வெளிர் பச்சை நிறம். முன்பக்கம், தும்மல் வரப்போகிற மனிதரின் முகம்போல இருக்கும். செய்த கம்பெனி சீக்கிரமே மூடிவிட்டது. இப்போது உலகத்தில் எத்தனை மிச்சம் என்று கேட்டால், பழைய கார் சங்கத்துத் தலைவர் ஒரே கையின் விரல்களை மடக்கி எண்ணிவிட்டு, அதிலும் ஒரு விரலை மறுபடி நீட்டிவிடுவார். தம்பி பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்த காலத்தில் டாக்டர் தினமும் அதில் எங்கள் தெரு வழியாகத்தான் மருத்துவமனைக்குப் போவார். தம்பி கூடவே ஓடுவான். அப்போது அவன் உயரம் அந்தக் கார் கதவுக்குச் சரியாக இருந்தது. "பெரியவனானதும் இதை ஓட்டுவேன்" என்றான். பெரியவனாவதில்தான் பிரச்சினை இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் அப்போது தோன்றவில்லை.

டாக்டர் பிறகு மாடி கட்டினார். மாடியைத் தாங்கும் தூண் கார் ஷெட்டின் வாயில் நேராக இறங்கிவிட்டது. கார் உள்ளே, தூண் வெளியே. மேஸ்திரியைத் திட்டினார், மேஸ்திரி வரைபடம் போட்டவரைத் திட்டினார், கார் அப்படியே நின்றது. டாக்டர் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் அறிவித்தார்: "சுவரை இடிக்கக் கூடாது. தூணைத் தொடக் கூடாது. எவன் வெளிய எடுக்கிறானோ, வண்டி அவனுக்கு."

கான்ட்ராக்டர் டேப்பை நீட்டி அளந்து பார்த்துவிட்டு, தூணை எடுத்தால் வண்டி வரும் என்றார். மாடியும் கூடவே வரும் என்றார் டாக்டர். அருங்காட்சியகத்து ஆள் கூரையைத் திறந்து கிரேனில் தூக்கலாம் என்றார். அந்தக் கூரைமேல் டாக்டரின் படுக்கையறை இருந்தது. தம்பி ஒரு ஸ்பேனர் பெட்டியையும் ஒரு பிளாஸ்கையும் எடுத்துக்கொண்டு போய், காரைக் கழற்ற ஆரம்பித்தான். ஒவ்வொரு பாகமாக ஜன்னல் வழியே வெளியே வந்தது. டாக்டர் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அது என் ஹார்ன்ப்பா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் மிஞ்சிய கூட்டை ஒருக்களித்துச் சாய்த்து, வீடு மாறும்போது பீரோவைக் கொண்டுபோவதுபோல் ஷெட்டை ஒட்டியிருந்த சமையலறை வழியாகவே வெளியே கொண்டுவந்துவிட்டான். டாக்டர் மனைவி அடுப்பை அணைக்கவும் இல்லை.

இப்படி வந்த கார் எங்கள் கொட்டகையில் பாதியும் அவன் வீட்டில் பாதியுமாகத் தங்கியது. கியர்பாக்ஸ் சாப்பாட்டு மேசைக்கு அடியில். கண்ணாடிகள் கட்டிலுக்கு அடியில். பம்பர் கொல்லையில் இரண்டு ஆணிகளில் தொங்கியது. அதில் என் தம்பி மனைவி துணி காயப்போட்டாள்.

"அண்ணி, உங்க தம்பிகிட்ட சொல்லி வைங்க" என்பாள் என்னிடம். "விருந்தாளி வந்தா 'உக்காருங்க'ன்னு சொல்ல முடியல. எதுமேல உக்காந்தாலும் 'ஐயோ அது ஒரிஜினல்'ங்கிறார்."

உடலைச் சட்டத்தின்மேல் பூட்டி, கூரையும் கதவுகளும் ஸ்டியரிங்கும் ஹார்னும் சீட்டும் மாட்டிய அன்றுதான் அவன் முதல் முறையாக உள்ளே உட்கார்ந்தான். ஷெட்டில் இருந்தவரை காருக்குள் பழைய பத்திரிகைகள் கூரைவரை அடைந்து கிடந்தன. உட்கார்ந்து பார்க்கவே வழியில்லை. நானும் அவன் மனைவியும் அவன் சிநேகிதனான மெக்கானிக்கும் சுற்றி நின்றோம். அவன் முதலில் ஒரு காலை நுழைத்தான். பிறகு இடுப்பை. பிறகு தலையைக் குனிந்து, இன்னும் குனிந்து, தாடையை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு உள்ளே போனான். மறு காலைக் கையால் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டான். கதவைச் சாத்தினோம்.

உள்ளேயிருந்து ஹார்ன் அடிக்கத் தொடங்கியது.

"எப்படிடா இருக்கு?" என்று மெக்கானிக் கேட்டான்.

"என் முழங்கால் தெரியுது."

"வேற?"

"முழங்கால் மட்டும்தான் தெரியுது."

இரண்டு முழங்கால்களும் ஸ்டியரிங்குக்கு இருபுறமும் காதுவரை வந்திருந்தன. தலை கூரையில் மடங்கி, முகம் பக்கவாட்டில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஹார்ன் மட்டும் அவன் முழங்கை பட்டு விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. வெளியே வரச் சொன்னோம், வரமுடியவில்லை. கதவைக் கழற்றி, சீட்டின் போல்ட்டுகளைக் கழற்றி, சீட்டோடு சேர்த்து அவனை வெளியே எடுத்தோம். டாக்டர் வீட்டு ஜன்னலில் அவன் காருக்குச் செய்ததை, நாங்கள் அவனுக்குச் செய்தோம்.

அன்றிலிருந்து கொட்டகையில் இரண்டு கட்சி.

மெக்கானிக் ஒரு கட்சி. "டேய் ஒட்டடைக்குச்சி, இதுக்குப் போய் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு! கூரையை ஒரு ஜாண் தூக்கு. நடுவுல வெட்டி ரெண்டு ஜாண் நீட்டு. அந்தக் கிழட்டு இன்ஜினைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு ஒண்ணு வை. ஏசி வை. நீ செய்யாத வேலையா? ஊர்ல இருக்கிற வண்டியெல்லாம் அடுத்தவனுக்காக வெட்டினே, உனக்காக ஒண்ணு வெட்ட மாட்டியா?"

பழைய கார் சங்கத்துத் தலைவர் இன்னொரு கட்சி. பையில் காந்தம் வைத்துக்கொண்டு வருவார். தகரத்தில் காந்தம் ஒட்டினால் அசல். ஒட்டாவிட்டால் உள்ளே பட்டி பூசியிருக்கிறது என்று அர்த்தம். டாக்டரின் காரில் காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"தம்பி, இதை வெட்டினா அது மாடிஃபிகேஷன் இல்ல, கொலை" என்றார். "அப்படியே பழைய நிலைக்குக் கொண்டுவாங்க. எங்க கண்காட்சியில நடுவுல நிறுத்துவோம். சுத்திக் கயிறு கட்டுவோம். நீங்க பக்கத்துல நிக்கலாம்."

"நிக்கறதா? நான் ஓட்டணும் சார்."

"இதெல்லாம் ஓட்டறதுக்கில்லப்பா. பாக்கறதுக்கு."

"பாத்தாச்சு சார். மூணாங்கிளாஸ்லேர்ந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

இதுதான் அவன் மாட்டிக்கொண்ட இடம். அப்படியே வைத்தால் அது டாக்டரின் கார், ஆனால் அவனால் ஓட்ட முடியாது. வெட்டினால் ஓட்டலாம், ஆனால் அது டாக்டரின் கார் இல்லை.

அவன் வெட்டத்தான் முடிவு செய்தான். கூரைத் தூண்களின் நடுவே சாக்பீஸால் கோடு போட்டான். மறுநாள் கோட்டை அழித்துவிட்டு ஒரு நூலளவு மேலே தள்ளிப் போட்டான். அதற்கு அடுத்த நாள் பழைய இடத்திலேயே போட்டான். கோடு போடுவது மட்டும் ஒழுங்காக நடந்தது. மெக்கானிக் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இதென்ன வண்டியா, சிலேட்டா?" என்றான்.

ஒரு காலை தம்பி கண்ணாடி மாட்டி, கையுறை போட்டு, கட்டரை எடுத்து ஓடவிட்டான். நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். கட்டர் சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் கோட்டுக்கு அருகே கொண்டுபோனான், எடுத்தான், மறுபடி கொண்டுபோனான். கடைசியில் அணைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டான்.

"என்னடா?"

"மத்த வண்டியெல்லாம் உள்ள வரும்போதே 'என்னை ஏதாவது பண்ணு'ன்னு கேட்டுக்கிட்டே வரும்கா. இது எதுவுமே கேக்கல. அது பாட்டுக்கு நிக்குது."

அன்று மத்தியானம் சாப்பாட்டின்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அவன் மனைவி குழம்பு ஊற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மேசைக்கடியில் இருந்த கியர்பாக்ஸில் அன்றைக்கும் கால் விரலை இடித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோபம் வேறு.

"அதை வெட்ட மனசு வரலன்னா உங்களை வெட்டிக்கோங்க! ஒண்ணு அது சின்னதுன்னு ஒத்துக்கணும், இல்ல நீங்க பெருசுன்னு ஒத்துக்கணும். ரெண்டுல ஒண்ணு முடிஞ்சு இந்த இரும்பெல்லாம் வீட்டைவிட்டுப் போகட்டும்!"

தம்பி சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். வேறு யாராக இருந்தாலும் அதைக் கோபமாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். இவன் யோசனையாக எடுத்துக்கொண்டான்.

"அக்கா," என்றான், "டேப்பை எடு."

அளப்பது என் வேலை. தவறாக அளந்தால் தைத்ததைப் பிரிக்கவேண்டும், எனக்குப் பிரிப்பது பிடிக்காது. சீட்டிலிருந்து கூரைவரை அளந்தேன். அவனைச் சுவரோரம் பலகையில் உட்காரவைத்து, இடுப்பிலிருந்து தலைமுடி உச்சிவரை அளந்தேன். நிமிர்ந்து அளந்தேன், தளர்ந்து அளந்தேன், மூச்சை விடச் சொல்லி அளந்தேன். சரியாக ஐந்து விரல் இடம் போதவில்லை.

சீட்டுக்குப் புது உறை தைக்கவேண்டியிருந்ததால் பழைய உறையைப் பிரித்தேன். ஸ்பிரிங் மேல் நார், நார் மேல் துணி, அதோடு முடியவேண்டும். இதில் துணிக்குமேல் இன்னொரு மெத்தை இருந்தது. அதன் தையல் வேறு, நூல் வேறு. கம்பெனி வேலை இல்லை. டாக்டரை வரவழைத்துக் காட்டினோம். அவர் தம்பியின் இடுப்புயரம்தான் இருப்பார். மெத்தையைப் பார்த்ததும் காது சிவந்துவிட்டது.

"அது... நான் வெச்சதுதான். எங்க மாமியார் வாசல்ல நின்னுக்கிட்டு, 'மாப்பிள்ளை வரலையா, வண்டி மட்டும் தனியா வருது'ன்னு கேட்டாங்க. நாலு பேர் நடுவுல."

"கால் எட்டறதுக்குப் பெடல்மேல வெச்சிருக்கிற கட்டை?" என்று தம்பி கேட்டான்.

"அதுவும் நான்தாம்ப்பா."

ஆக, சங்கத்துத் தலைவர் கண்கலங்கிய அந்த அசல் காரை டாக்டர் ஏற்கெனவே மாற்றியிருந்தார், தனக்குத் தோதாக. காந்தத்துக்கு மெத்தை தெரியாதல்லவா. மெத்தையை எடுத்தோம், இரண்டு விரல் கிடைத்தது. பெடல் கட்டைகளை எடுத்தோம், முழங்கால் காதிலிருந்து மார்புக்கு இறங்கியது. இன்னும் மூன்று விரல் வேண்டும்.

மறுநாள் தம்பி மொட்டையடித்துக்கொண்டு வந்தான். அவனுக்கு அடர்த்தியான, சுருட்டை முடி. அதில் ஒன்றரை விரல் போயிற்று. மெக்கானிக் அவனைச் சுற்றிவந்து பார்த்தான். "காரோட கூரையை எடுடான்னா, இவன் தன்னோட கூரையை எடுத்துட்டு வந்திருக்கான்!"

மனைவி என்னிடம்தான் பேசினாள். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஈரத்துண்டைக் கட்டில்மேல போடாதீங்கன்னு சொல்லி மாத்த முடியல அண்ணி. ஒரு தகரத்துக்காகத் தலையவே மாத்திட்டு வந்து நிக்கிறார்."

மீதி ஒன்றரை விரலை அவன் முதுகிலிருந்து எடுக்கவேண்டியிருந்தது. சரிந்து உட்கார்ந்தால் உயரம் குறையும். ஆனால் சரிந்தபடி கிளட்ச் மிதிக்கவும் பழகவேண்டும். அதற்காகத் தினமும் சாயங்காலம் வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு அடியில், அந்தக் கியர்பாக்ஸுக்குப் பக்கத்தில், ஒரு குட்டை முக்காலி போட்டு உட்கார்ந்து பயிற்சி செய்தான். கையில் ஒரு தட்டு, அதுதான் ஸ்டியரிங். அவன் மனைவி காப்பியைக் குனிந்து உள்ளே நீட்டுவாள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, என்னிடம் மெல்ல, "வீட்ல ஏதாவது சண்டையா?" என்று கேட்டார்.

செருப்பும் போடக் கூடாது என்று தெரிந்தது. அவன் பாதம் கிளட்சையும் பிரேக்கையும் ஒன்றாக மிதித்தது. வெறுங்காலோடு, கட்டைவிரலை மடக்கி, ஒவ்வொன்றாக மிதிக்கக் கற்றுக்கொண்டான். கூரையில் போட்ட கோட்டை ஈரத்துணியால் துடைத்தான். மறுபடி போடவில்லை. தகரம் எல்லாம் பழையபடி தட்டி, வெளிர் பச்சையைப் பழைய நிறத்தோடு வைத்துப் பார்த்துப் பார்த்துக் கலக்கி அடித்தான். வாழ்நாள் முழுவதும் வண்டிகளை மாற்றியவன், ஒரு ஆணியைக்கூட இடம் மாற்றவில்லை.

கியர்பாக்ஸும் மேசைக்கடியிலிருந்து காருக்குப் போய், ஓட்டிப் பார்க்கும் நாள் வந்தது. கதவுகளுக்கு உள்பலகை மட்டும் இன்னும் மாட்டவில்லை. சத்தம் ஏதாவது வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அதை மூடுவது வழக்கம். அவன் உள்ளே நுழைந்தான், சரிந்தான், மூச்சை விட்டான். நான் என் சுண்டுவிரலை அவன் மொட்டைக்கும் கூரைக்கும் நடுவே விட்டுப் பார்த்தேன். போயிற்று.

ஒரு குறை. கழுத்தைத் திருப்ப முடியாது. நேராகத்தான் பார்க்கலாம். மெக்கானிக் கூட வருகிறேன் என்றான், அவன் தொப்பை இடம் கொடுக்கவில்லை. கடைசியில் என் தம்பி மனைவி ஏறி உட்கார்ந்தாள். அந்தக் காரை அவள் அளவுக்கே செய்ததுபோல இருந்தது. காலை நீட்டி, கையைக் கட்டி, மகாராணிபோல உட்கார்ந்தாள்.

வண்டி தும்முகிற முகத்தோடு தெருவில் இறங்கியது. அவள் குரல் மட்டும் தெருக்கோடிவரை கேட்டது. "வலது பக்கம் சைக்கிள்! இடது பக்கம் நாய், அது நிக்குது, நீங்க போங்க! திரும்பலாம்! திரும்பலாம்னு சொல்றேன்ல!" ஒவ்வொன்றுக்கும் அவன், "சரி... சரி... சரிம்மா" என்பதும் கேட்டது.

திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். "அண்ணி, இந்த வண்டிய விக்கவே கூடாது" என்றாள். "நான் சொல்றதைக் கேக்காம இவரால ஒரு தெருகூடத் திரும்ப முடியல!" டாக்டர் வீட்டு வாசலில் நிறுத்தினார்களாம். டாக்டர் குனிந்து உள்ளே பார்த்து, "என் மாமியார் இருந்திருந்தா, டிரைவர் வண்டியச் சட்டை மாதிரி போட்டிருக்கான்னு சொல்லியிருப்பாங்க" என்றாராம்.

சங்கத்துத் தலைவர் காந்தத்தோடு வந்து ஒரு சுற்று சுற்றினார். போல்ட் போல்ட்டாகப் பார்த்தார். பிறகு தம்பியின் மொட்டையையும் வெறுங்காலையும் கூன் முதுகையும் பார்த்தார். "வண்டி முழுக்க ஒரிஜினல்" என்றார். "டிரைவரைத்தான் மாடிஃபை பண்ணியிருக்கு." தம்பி சிரித்தான். அவனை வெளியே இழுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

எல்லோரும் போனபின் நான் கதவுக்கு உள்பலகை மாட்ட எடுத்து வந்தேன். எங்கள் தொழிலில் தகர வேலை செய்தவர், மூடுவதற்குமுன் கதவின் உள்பக்கத் தகரத்தில் தன் பெயரை எழுதிவைப்பதுண்டு. வெளியே தெரியாது. அடுத்து யார் திறக்கிறாரோ அவருக்கு மட்டும் தெரியும். தம்பி இதுவரை எந்த வண்டியிலும் எழுதியதில்லை. கேட்டால், "நான் வெட்டினதை நாளைக்கு இன்னொருத்தன் வெட்டுவான்கா, என் பேரையும் சேர்த்து வெட்டுவான்" என்பான். அன்று நான் கேட்கவில்லை. அவனாகவே சின்ன பிரஷ்ஷை எடுத்து, வெளிர் பச்சையில் தோய்த்து, தரையில் முட்டி போட்டு, கதவின் உள்ளே முழுப் பெயரையும் எழுதினான். எழுத்துகள் அவனைப்போலவே நெட்டையாக இருந்தன. கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் கொஞ்சம் சாய்த்து எழுதினான்.

பெயிண்ட் காயும்வரை பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காய்ந்த பிறகுதான் மூடினேன். என் தம்பி தான் செய்த வேலையில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டது 2011 பிப்ரவரி 19, சனிக்கிழமை.